பின்னோக்கிச் செல்லும் மிதவை

காற்றடைத்த வளையம் ஒன்றின் நடுவே துணியால் ஆன இருக்கையைப் பொருத்தி, அதில் தொடையளவு நீரில் அமிழ்ந்தபடி அமர்ந்து, காலில் மாட்டிய ரப்பர் துடுப்புகளை உதைத்து மெல்ல நகர்ந்துகொண்டே தூண்டில் போடுவதற்கென்று உருவான ஒற்றையாள் மிதவையை அமெரிக்கர் ‘ஃப்ளோட் டியூப்’ என்றும், ஐரோப்பியர் பலர் ‘பெல்லி போட்’, அதாவது வயிற்றுப் படகு என்றும் அழைக்கின்றனர். இதற்கு இயந்திரமும் கிடையாது, கைத்துடுப்பும் கிடையாது, சுக்கானும் கிடையாது. அமர்ந்திருப்பவரின் இரண்டு கால்களே மூன்றின் வேலையையும் பார்க்கின்றன. லாரிச் சக்கரத்தின் உள் டியூப்பை ஊதி, அதன்மேல் கித்தான் உறை தைத்து, குறுக்கே பட்டை கட்டி உட்கார்ந்ததே இதன் ஆதி வடிவம். தமிழகத்து ஏரிகளிலும் அணைத் தேக்கங்களிலும் லாரி டியூப்பின்மேல் அமர்ந்து வலை விரிப்போரைக் கண்டவர்களுக்கு இந்தக் கருவியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்கே பிழைப்புக்குக் கையாளப்படும் அதே எளிய உத்தி, கலிபோர்னியாவில் விடுமுறைப் பொழுதுக்காகக் கடையில் காசு கொடுத்து வாங்கப்படுகிறது.

இப்போது விற்கப்படும் மிதவைகளில் முழு வட்ட வடிவம் அருகிவிட்டது. முன்புறம் திறந்த லாட வடிவமும், பின்புறம் கூராக முடியும் வடிவமுமே பெருவழக்கு. காற்றை ஏந்தும் உட்பை தனியாகவும் அதைக் காக்கும் நைலான் உறை தனியாகவும் இருக்கும். முதுகு சாயும் பகுதிக்குத் தனிக் காற்றறை இருப்பதால், பக்கவாட்டில் முள் குத்தினாலும் உடனே மூழ்கிப்போகாது. மடியின்மேல் விரியும் வலைத்துணி ஒன்று மிதவையின் இரண்டு பக்கங்களையும் இணைத்து நிற்கும். அதில் அங்குலக் கணக்கு அச்சிடப்பட்டிருப்பதைப் புதிதாகப் பார்ப்பவர் அலங்காரம் என்றே நினைப்பார். பிடித்த மீனை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதைத் தீர்மானிக்கும் சட்டக்கோல் அது என்பது பின்னர்தான் விளங்கும். மொத்தமும் ஒருவர் முதுகில் சுமக்கும் எடைதான் என்பதால், படகை இழுத்துச் செல்லும் வண்டி, படகை இறக்கும் சாய்தளம், எரிபொருள் ஆகியவற்றின் செலவு எதுவுமின்றிக் காரின் பின்பெட்டியிலேயே ஒரு குடும்பம் தன் ‘கப்பற்படையை’ ஏற்றிச் சென்றுவிட முடிகிறது.

இந்த மிதவையைப் பற்றிய அடிப்படையான உண்மை, அது பின்னோக்கித்தான் செல்லும் என்பது. அமர்ந்த நிலையில் முழங்காலை மடக்கித் துடுப்பை முன்னோக்கி உதைத்தால் உடல் முதுகுப்புறமாக நகர்கிறது. திரும்ப வேண்டுமானால் ஒரு காலை மட்டும் உதைக்க வேண்டும். ஆதலால் கரையைவிட்டுப் புறப்படுபவர் கரையைப் பார்த்தபடியே விலகிச் செல்கிறார். மணலில் நிற்கும் மனைவியும் பிள்ளைகளும் சிறிதாகிக்கொண்டே போவது அவர் கண்முன் நிகழ்கிறது. திரும்பும்போதோ அவர் பார்வை திறந்த நீரில் இருக்கும். கரை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தூண்டிலுக்கு இது வசதியே: இரையை முன்னால் வீசிவிட்டுப் பின்னால் நகர்ந்தால் அது நரம்பின் முனையில் தானாகவே கண்ணெதிரே இழுபட்டு வரும். பாதுகாப்புக்கு இதுவே பெரிய குறை, ஏனெனில் போகும் திசையில் வரும் படகையும் பாறையையும் நங்கூரக் கயிற்றையும் மிதப்பவர் காண்பதில்லை. தனியாகச் செல்வோர் அடிக்கடி கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சமாளிக்கின்றனர். குடும்பத்தோடு செல்வோருக்குக் கரையில் ஒரு சோடி கண்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. ‘குடும்பத்தோடு மீன்பிடித்தல்’ என்ற சொற்றொடருக்கு இந்தக் கருவியைப் பொறுத்தவரை எல்லோரும் ஒன்றாக மிதப்பது என்று பொருளில்லை. நீரில் ஒருவர் அல்லது இருவர், மணலில் ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொள்வதே பொருள். மணலில் இருப்பவர் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். தூண்டில் கோலைப் போலவே அவரும் அந்தப் பயணத்திற்குத் தேவைப்படுபவர்.

மிதவை டியூப் அசைவற்ற நன்னீர் ஏரிகளுக்காகப் பிறந்தது. அதை உப்புநீருக்குக் கொண்டுவருவோர், நிற்கும் நீருக்கான கருவியை நகரும் நீரில் இறக்குகின்றனர் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். துடுப்பை விடாமல் உதைத்தாலும் சாதாரண நடையின் வேகத்தில் பாதியை எட்டுவதே அரிது. திறந்த கடலின் அலைக்கும் நீரோட்டத்திற்கும் அது ஈடுகொடுக்காது. ஆகவேதான் தென்கலிபோர்னியாவில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் விரிகுடாக்களுக்குள் ஒதுங்கி வளர்ந்தது. நியூபோர்ட் விரிகுடா, லாங் பீச்சை ஒட்டிய அலமிடோஸ் விரிகுடா, சான் டியேகோ விரிகுடா ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை என்றாலும், சிறுவர்களோடு செல்லும் குடும்பத்திற்கு அவற்றைவிட மிகவும் பொருந்துவது சான் டியேகோ நகரின் வடமேற்கே உள்ள மிஷன் விரிகுடா என்று துணிந்து கூறலாம்.

இந்த விரிகுடா இன்றிருக்கும் வடிவில் இயற்கை தந்ததன்று. கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலமாக இருந்த இதற்கு ஸ்பானியர் காலத்தில் ‘பொய் விரிகுடா’ என்றே பெயர். 1940-களில் தொடங்கிய தூர்வாரும் பணியில் ஏறக்குறைய 2.5 கோடி கன யார்டு மணலும் சேறும் அள்ளப்பட்டு, அள்ளிய மண்ணைக் கொண்டே தீவுகளும் முனைகளும் அமைக்கப்பட்டன. 4,235 ஏக்கர் பரப்புள்ள இந்த நீர்ப்பூங்காவில் பாதிக்குச் சற்று மேல் நீர், மீதி நிலம். கரையின் நீளம் 27 மைல், அதில் 19 மைல் மணற்கரை. காரை நிறுத்திய இடத்திலிருந்து சில அடிகளிலேயே மணலும், அந்த மணலிலிருந்து சரிவாக ஆழமாகும் நீரும் கிடைப்பது செயற்கையாக அமைந்த கரையின் நன்மை. பழைய சதுப்பின் எச்சமாக வடகரையில் கெண்டல்-ஃபிராஸ்ட் சதுப்புநிலக் காப்பகம் ஒரு சிறு துண்டாக நிற்கிறது. மரைனர்ஸ் பாயின்ட் முனையில் அருகிவரும் சிற்றாலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுவதால், அடைகாக்கும் பருவத்தில் அங்கே வேலியிட்ட பகுதிக்குள் யாரும் நுழையக் கூடாது. ஃபியஸ்டா விரிகுடா என்று வழங்கும் அகன்ற நடுப்பகுதி விரைவுப் படகுகளும் நீர்ச்சறுக்கு ஆடுவோரும் சீறிப்பாயும் இடம் என்பதால், மிதவைக்காரர்கள் அதைவிட்டு ஒதுங்கி, வேகம் கட்டுப்படுத்தப்பட்ட சிறு குடாக்களின் ஓரங்களையே நாடுகின்றனர்.

நீரின் அசைவைப் புரிந்துகொள்ளாமல் இங்கே இறங்குவது, நேர அட்டவணையைப் பார்க்காமல் ரயில் நிலையத்திற்குச் செல்வதைப் போன்றது. ஓதம் எனப்படும் கடல்மட்ட ஏற்றத்தாழ்வு கலிபோர்னியக் கரையில் ‘கலப்பு’ வகையைச் சேர்ந்தது. அதாவது, ஏறத்தாழ 24 மணி 50 நிமிடம் கொண்ட ஒரு சந்திர நாளில் இரண்டு ஏற்றங்களும் இரண்டு வற்றங்களும் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே உயரத்தில் அமைவதில்லை. ஒன்று ஓங்கியும் மற்றொன்று தணிந்தும் இருக்கும். சான் டியேகோவில் நாளின் மிக உயர்ந்த ஏற்றத்திற்கும் மிகத் தாழ்ந்த வற்றத்திற்கும் இடையே சராசரியாக 1.7 மீட்டர் வேறுபாடு காணப்படுகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அது கூடும். இந்த நீர் முழுவதும் குறுகிய வாய்க்கால் வழியாகத்தான் விரிகுடாவுக்குள் வந்து வெளியேற வேண்டும் என்பதால், வாயை ஒட்டியும் பாலங்களின் அடியிலும் ஓட்டம் வலுக்கிறது; உட்குடாக்களில் அது தளர்ந்து, நீர் குளம்போலக் கிடக்கிறது. ஏற்றமும் வற்றமும் ஒரே சீராக நிகழ்வதில்லை என்பதும் அறியத்தக்கது. ஓர் ஏற்றம் ஆறு மணி நேரம் நீடிப்பதாகக் கொண்டால், முதல் மணியில் உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டு பங்கும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கும், பிறகு இரண்டும் ஒன்றுமாகக் குறைந்தும் நீர் ஏறும் என்பது மாலுமிகளின் பழைய மனக்கணக்கு. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் நகர்ந்துவிடுகிறது. மீன் இரைதேடி அலைவதும் அப்போதுதான், மிதவை கால்வலுவை மீறி இழுக்கப்படுவதும் அப்போதுதான்.

கோடையில் இங்கே ஒரு வசதி உண்டு. அமெரிக்க மேற்குக் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் மிகத் தாழ்ந்த வற்றங்கள் பெரும்பாலும் விடியலை ஒட்டி அமைகின்றன; ஆகவே காலை முழுவதும் நீர் ஏறிக்கொண்டிருக்கும் நாட்கள் பல கிடைக்கின்றன. கடற்காற்றோ நிலம் சூடேறிய பின்னரே, முற்பகலுக்குப் பிறகு, மேற்கிலிருந்து எழுகிறது. மே, ஜூன் மாதங்களில் கடல்மேகம் கரையை மூடிக் கிடக்கும் சாம்பல்நிறக் காலைகளில் அது இன்னும் தாமதமாகும். அலை ஓய்ந்து கடலாட முடியுமா என்று கேட்கும் பழமொழிக்கு, மிஷன் விரிகுடாவின் கோடைக் காலை ஏறத்தாழ ‘முடியும்’ என்றே விடை தருகிறது. ஏறும் நீரும் எழும் காற்றும் ஒரே திசையில், விரிகுடாவின் உட்பக்கமாகவே தள்ளுவதால், தளர்ந்துபோன மிதவைக்காரரும் உட்கரை ஒன்றில்தான் ஒதுங்குவாரே தவிர, வாய்க்கால் வழியாகக் கடலுக்கு இழுக்கப்படமாட்டார். இறங்கு நீரில் நிலைமை தலைகீழ்: நீர் வெளியே இழுக்க, காற்று உள்ளே தள்ள, இரண்டும் மோதும் இடத்தில் குத்தலான சிற்றலைகள் எழுந்து இருக்கை குலுங்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு, வற்றும் நீரில், வாய்க்காலுக்கு அருகில் மிதவையை இறக்குவதைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. அது கணக்குப் பிழை.

அனுபவம் உள்ளவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு எளியது. புறப்படும்போது காற்றுக்கும் ஓட்டத்திற்கும் எதிராகச் செல்வது, கால் களைத்த பிறகு அவற்றின் துணையோடு திரும்புவது. மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் குறித்த நேரத்தில் திரும்புவது. கடைசியாகச் சொன்னதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். கரையில் இருப்பவருக்குத் திரும்பும் நேரமும் செல்லும் எல்லையும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால், அவர் ஊதும் ஒரு சீழ்க்கை மீன்மேல் கொண்ட ஆசையைவிட வலிமையாக வேலை செய்யும். மிதவையின் பின்புறம் செம்மஞ்சள் கொடி ஒன்றைக் கம்பில் கட்டுவதும் வழக்கம்; நீர்மட்டத்திற்கு மேல் பாதி உடல் மட்டுமே தெரியும் மனிதர், விரைவுப் படகோட்டிக்கு மிதக்கும் நீர்ப்பறவையாகவே தோன்றுவார்.

நீரில் இறங்கும் முறையே ஒரு தனிக் கலை. காலில் நீண்ட ரப்பர் துடுப்பு மாட்டியபின் முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழ நேரும்; ஆகவே மிதவையை இடுப்போடு பிடித்துக்கொண்டு, நீருக்கு முதுகு காட்டி, பாதங்களைத் தூக்காமல் மணலில் உரசியபடி பின்னடி வைத்துச் செல்ல வேண்டும். உரசி நடப்பதற்கு மற்றொரு முதன்மையான காரணம் திருக்கை. வட்டத் திருக்கை எனப்படும் சிறுவகை, வெதுவெதுப்பான ஆழமற்ற மணற்பரப்பில் தன்மேல் மணலைத் தூவிக்கொண்டு படுத்திருக்கும்; மிதித்தால்தான் வாலைச் சுழற்றி முள்ளால் குத்தும், உரசும் கால் அருகில் வந்தால் விலகிப் போய்விடும். குத்துப்பட்டால், பொறுக்கக்கூடிய அளவுச் சூடான வெந்நீரில் காலை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைப்பதே வலியைத் தணிக்கும் முதலுதவி. முள் உள்ளே முறிந்திருந்தாலோ, காயம் ஆழமானாலோ மருத்துவரைக் காண வேண்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுசெல்வது தேநீருக்கு மட்டுமன்று என்பதைத் தமிழ்க் கடற்கரையில் திருக்கை முள்ளின் வேதனையை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். கரையோரத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் முதலில் கற்றுத்தர வேண்டியது தூண்டில் வீச்சு அன்று, இந்த உரசு நடைதான்.

அடுத்தது குளிர். சான் டியேகோ என்றதும் வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள நீர் கோடையின் உச்சத்தில்கூட 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது, குளிர்காலத்தில் 14, 15 டிகிரி வரை இறங்குகிறது. மணிக்கணக்கில் கால்கள் நீரில் இருந்தால் உடல் வெப்பம் மெதுவாகக் களவு போகும். இதைத் தடுக்க மார்பு வரை ஏறும் நீர்புகாக் காற்சட்டை அணியப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘வேடர்ஸ்’ எனப்படும் அந்த உடையின் பெயர் தமிழ் எழுத்தில் வேட்டையாடும் வேடரோடு ஒன்றிப்போவது தற்செயலே ஆயினும் பொருத்தமாகவே இருக்கிறது. அதற்குள் நீர் புகுந்தால் ஆள் கல்லைப்போல் அடியில் போய்விடுவார் என்ற அச்சம் பரவலாக உண்டு. நீருக்குள் இருக்கும் நீருக்குத் தனி எடை இல்லை என்பதால் அது அப்படியே உண்மையன்று. உண்மையான இடர், நீர் நிரம்பிய உடையோடு நீந்துவதும் கரையேறுவதும் ஏறக்குறைய இயலாமற்போவதுதான். இடுப்பில் இறுக்கிக் கட்டும் வார் உள்ளே புகும் நீரைக் குறைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்காப்பு அங்கி. மிதவையே மிதக்கிறதே, அங்கி எதற்கு என்று கேட்பவர், மிதவை கவிழ்ந்தால் மிதப்பது மிதவைதான், ஆள் அல்லர் என்பதை மறந்துவிடுகிறார். 26 அடிக்கு மேற்படாத பொழுதுபோக்குப் படகு நகரும்போது அதிலுள்ள 13 வயது நிறையாத குழந்தைகள் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். மிதவை டியூப்பில் அமரும் எவரும், வயது எதுவாயினும், அதையே தம் விதியாகக் கொள்வது நல்லது. நன்றாக நீந்தத் தெரியாத சிறுவரைத் தனி மிதவையில் அனுப்பும் யோசனையைக் குடும்பம் கைவிட்டுவிட வேண்டும். நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளை என்றால், பெரியவரின் மிதவையோடு சில மீட்டர்க் கயிற்றால் இணைத்து, கால் தரையில் எட்டும் ஆழத்தில் பழக்கலாம்.

இத்தனை ஏற்பாடும் எதற்காக என்ற கேள்விக்கு விடை, நீருக்கடியில் அசையும் கடற்புல்லில் இருக்கிறது. ஈல்கிராஸ் என்ற இந்தப் புல் பாசி வகையன்று; வேரும் பூவும் விதையும் கொண்ட முழுமையான பூக்கும் தாவரம், கடற்பசு மேயும் பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளுக்கு உறவினம். பச்சை நாடாவைப்போல் நீண்ட அதன் இலை ஒன்று தூண்டிலில் சிக்கி மேலே வந்தால், சலித்துக்கொண்டு பிய்த்தெறியாமல் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்: இலையின்மேல் பழுப்பாய்ப் படிந்த பாசிப்படலம், அதை மேயும் கடுகளவு நத்தைகள், கண்ணாடிபோல் உடல் தெரியும் இறால் குஞ்சு. அந்தச் சிற்றுயிர்களைத் தேடி நண்டும் சிறுமீனும், அவற்றைத் தேடிப் பெருமீனும் வருகின்றன. புல்வெளி முடிந்து வெறும் மணல் தொடங்கும் விளிம்பே வேட்டை மீன்கள் காத்திருக்கும் இடம். மிதவையில் நீர்மட்டத்தில் அமர்ந்தவர், ஓசையின்றி அந்த விளிம்பை ஒட்டியே ஊர்ந்து செல்ல முடிவதுதான் பெரும்படகுக்குக் கிட்டாத சலுகை.

அங்கே காத்திருப்பவற்றுள் முதலிடம் புள்ளி மணல் பாஸுக்கு. உள்ளூரார் ‘ஸ்பாட்டி’ என்று செல்லமாக அழைக்கும் இம்மீன், உடலெங்கும் கரும்புள்ளி தெளித்த, பருமனான, முரட்டுத் தாடை கொண்ட மீன். நம் களவா மீனுக்குத் தூரத்து உறவு. களவாவைப் போலவே இதிலும் பெண்ணாக இருந்து பின்னர் ஆணாக மாறும் வழக்கம் சில இடத்து மீன்களில் பதிவாகியிருக்கிறது. அளவில் சிறியதாயினும், நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும் அதன் வேகம் இரையைக் கவ்வும் விதத்திலும் தெரியும். அரைக்கிலோ மீன் ஒன்று மிதவையையே அரைவட்டம் திருப்பிவிடும்போது, நங்கூரமிட்ட படகில் கிடைக்காத இழுவை அதில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைக்கிறது. இதன் நெருங்கிய உறவுகளான பட்டை மணல் பாஸும், ‘காலிகோ’ எனப்படும் கெல்ப் பாஸும் விரிகுடா வாயை ஒட்டிய பாறைகளில் கிடைக்கும். வெறும் மணலில் கலிபோர்னியா ஹாலிபட் படுத்திருக்கும். எருமை நாக்கு மீனைப்போல் இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் அமைந்த தட்டைமீன் அது, சிலவற்றில் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். கத்தாழை இனத்து மீன்களும் கோடையில் உண்டு. தெற்கே உள்ள சான் டியேகோ விரிகுடாவில் மிதப்போருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு: சூலா விஸ்டாவில் இருந்த மின்நிலையம் வெளியேற்றிய வெதுநீரில் பழகி, 2010-இன் இறுதியில் அந்நிலையம் மூடப்பட்ட பிறகும் தங்கிவிட்ட பேராமைகள் அங்கே அவ்வப்போது தலைதூக்கி மூச்சு விடும். அவற்றைத் தொலைவிலிருந்து பார்க்க மட்டுமே அனுமதி.

தூண்டில் கருவிகளைப் பற்றி நீண்டு சொல்லத் தேவையில்லை. ஏழடிக்கு மேற்படாத இலகுவான கோல், சிறிய ரீல், பத்துப் பதினைந்து பவுண்டு தாங்கும் நரம்பு, ஈயத்தலை வைத்த முள்ளில் கோத்த வால் நெளியும் ரப்பர் இரை ஆகியவை போதும். இருக்கை தாழ்வாக இருப்பதால் கோலைத் தலைக்கு மேலாகச் சுழற்றி வீச வேண்டும். பக்கவாட்டில் வீசினால் முள் அருகில் மிதப்பவரைப் பதம்பார்க்கும். காற்றடைத்த பையின்மேல் அமர்ந்துகொண்டு கூர்முனைகளோடு விளையாடுகிறோம் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்பதாலேயே எதிர்வாய் நசுக்கப்பட்ட முட்கள் விரும்பப்படுகின்றன. அவை மீனின் வாயிலிருந்தும் மனிதரின் விரலிலிருந்தும் ஒன்றுபோல் எளிதில் கழலும். பாஸ் மீனின் முதுகுத்துடுப்பில் மூன்றாவது முள் மற்றவற்றைவிட நீண்டு நிற்கும்; அதை மிதவையின் பக்கத்தில் உராயவிடாமல், ஈரக்கையால் கீழ்த்தாடையைப் பற்றித் தூக்கி, மடிமேல் உள்ள அளவுத் துணியில் கிடத்த வேண்டும்.

அளவுக்கு அங்கே சட்டம் உண்டு. மூன்று வகைப் பாஸ்களுக்கும் 12 அங்குலமாக இருந்த குறைந்தபட்ச நீளம் 2013-இல் 14 அங்குலமாக உயர்த்தப்பட்டது. மூன்றையும் சேர்த்து ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை பத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது. மெதுவாக வளரும் மீன்களின் இருப்புச் சரிந்ததே இதற்குக் காரணம். ஹாலிபட் 22 அங்குலம் இருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் மாநில மீன்வளத் துறையின் நடப்பு அறிவிப்பைப் பார்த்துச் செல்வதே முறை. 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் உரிமச்சீட்டு வேண்டும். சான்டா பார்பரா மாவட்டத்தின் பாயின்ட் ஆர்குவெல்லோ முனைக்குத் தெற்கே கடல்நீரில் பிடிப்போர் அதனோடு கடல்வள மேம்பாட்டுக் கட்டணமும் செலுத்த வேண்டும், கார்ல்ஸ்பாட் நகரின் பொரிப்பகத்தில் வெள்ளைக் கடற்பாஸ் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடும் திட்டத்திற்கு அந்தப் பணம் உதவுகிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எதுவும் வேண்டியதில்லை. பொதுப் பாலத்துறைகளில் நின்று பிடிப்பவருக்கும் உரிமம் தேவையில்லை என்பதால், மிதவையில் ஏற அஞ்சும் பாட்டி தாத்தாவுக்கு ஷெல்டர் தீவின் பாலத்துறை நல்ல மாற்று.

பிடித்ததைச் சமைப்பதில்தான் குடும்பத்திற்கு ஒரு தயக்கம் இருந்தாக வேண்டும். நகரத்தின் மடியில் கிடக்கும் இந்த விரிகுடாக்களின் அடிமண்ணில் பாதரசமும், பழைய மின்சாதனங்களில் பயன்பட்ட பி.சி.பி. எனும் வேதிப்பொருளும் தங்கியிருக்கின்றன. அவை சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறிச் சேரும். எந்த மீனை வாரத்திற்கு எத்தனை முறை உண்ணலாம் என்ற அறிவுரையை மாநில அரசு விரிகுடாவாரியாக வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் அதில் தனியாக, கடுமையான வரம்பு உண்டு. மீன் குழம்புக்கு மனம் ஏங்கினாலும், அந்தப் பட்டியலைப் பார்க்காமல் சட்டியை அடுப்பில் ஏற்றுவது தகாது. விரிகுடாவில் மிதப்போர் பலர் அளந்து, படம் எடுத்து, நீரிலேயே விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரைக்கு வந்தபின் மிதவையை வெயில் காயும் மணலில் அப்படியே போட்டுவைக்கக் கூடாது. காலைக் குளிரில் விறைப்பாக ஊதிய காற்று நண்பகல் வெப்பத்தில் விரிந்து தையலைப் பிளந்துவிடும். சற்றே காற்றை இறக்கி நிழலில் சாய்க்க வேண்டும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் முழுவதையும் கழுவுவது நன்னீர் ஏரிக்காரர்களுக்கு விருப்பம், உப்புநீர்க்காரர்களுக்குக் கட்டாயம். உப்பு முதலில் தாக்குவது ஜிப்பைத்தான். பற்களுக்கிடையே வெள்ளையாகப் பூத்து, அடுத்த வாரம் இழுத்தால் அசையாது. துடுப்பின் வார்ப்பூட்டு, ரீலின் கைப்பிடிச் சந்து, காற்றடைப்பின் மூடி, உறைக்கும் உட்பைக்கும் இடையே ஒளிந்துகொண்டு உட்பையை மெல்ல அரிக்கும் மணல் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இந்த வேலைக்குச் சிறு விரல்களே ஏற்றவை. குழாயடியில் உறையைப் புரட்டிப்போட்டால் அதன் மூலையிலிருந்து கைப்பிடி மணலும், காய்ந்து கருத்த கடற்புல் இலை ஒன்றும், சில வேளை யாரும் கவனிக்காமல் வந்துவிட்ட ஒரு நத்தைக்கூடும் விழும்.